நான்கு நிக்சி குழாய்களை மல்டிபிளெக்ஸ் செய்வது எப்படி?

நிக்சி என்பது 0 முதல் 9 வரை எண் வடிவக் கம்பிகள் ஒளிரும் கண்ணாடிக் குழாய். மல்டிபிளெக்ஸ் என்றால் குழாய்களை ஒவ்வொன்றாக வேகமாக மாற்றி மாற்றி எரியவிடுவது. சோவியத் தயாரிப்பான ஐஎன்-14 நிக்சி குழாய் எரியத் தொடங்க 170 வோல்ட் வேண்டும். எரிந்தபின் சுமார் 140 போதும். சப்ளையை 180 வோல்ட்டில் வையுங்கள். தொட்டால் ஆபத்து: சப்ளை வெளியீட்டுக்குக் குறுக்கே 470 கிலோ ஓம் போட்டு, அணைத்தபின் மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

தேவை: எம்பிஎஸ்ஏ42 (என்பிஎன் டிரான்சிஸ்டர்) பதினான்கு, எம்பிஎஸ்ஏ92 (பிஎன்பி டிரான்சிஸ்டர்) நான்கு (இரண்டுமே 300 வோல்ட் தாங்கும்), ஆர்டுயினோ ஊனோ (ப்ரோகிராம் ஓட்டும் சிறு போர்டு) ஒன்று.

முதலில் கேத்தோடு (ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய எதிர்மின் முனை) பக்கம். நான்கு குழாய்களின் '0' கால்களையும் ஒன்றாக இணையுங்கள். '9' வரை அப்படியே. ஒவ்வொரு வரிசையும் ஒரு எம்பிஎஸ்ஏ42-இன் கலெக்டருக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, பேஸுக்கு 10 கிலோ ஓம் வழியாக ஆர்டுயினோ பின். ஆர்டுயினோவுக்கும் 180 வோல்ட் சப்ளைக்கும் கிரவுண்ட் ஒன்றாக இருக்கவேண்டும்.

ஆனோடு (குழாய்க்கு ஒன்றான நேர்மின் முனை) பக்கத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இங்கே குழாய்க்கு ஒரு எம்பிஎஸ்ஏ92. எம்பிஎஸ்ஏ92-இன் எமிட்டர் 180 வோல்ட்டில் இருப்பதால் பேஸும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும். அதை ஆர்டுயினோவோடு நேராக இணைத்தால் போர்டு போயிற்று. நடுவில் ஒரு எம்பிஎஸ்ஏ42 வையுங்கள். அதன் பேஸுக்கும் 10 கிலோ ஓம், எமிட்டர் கிரவுண்டுக்கு. அதன் கலெக்டரிலிருந்து 220 கிலோ ஓம் வழியாக எம்பிஎஸ்ஏ92-இன் பேஸுக்கு. இந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டால் இரண்டு டிரான்சிஸ்டரும் கருகும். எம்பிஎஸ்ஏ92-இன் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 47 கிலோ ஓம்; இது இல்லாவிட்டால் எம்பிஎஸ்ஏ92 மெதுவாகத்தான் அணையும். அதன் கலெக்டரிலிருந்து 8.2 கிலோ ஓம் வழியாக ஆனோடு. 180-இல் 140 போக மிச்சம் 40 வோல்ட். சுமார் 5 மில்லி ஆம்பியர். கால்வாசி நேரமே எரிவதால் சராசரி 1.2 அளவில்தான் வரும். ப்ரோகிராம் ஒரே குழாயில் நின்றுவிட்டால் அந்த 5-உம் தொடர்ந்து ஓடும் என்பதால், ப்ரோகிராமை முதலில் எல்இடியில் ஓட்டிப் பாருங்கள்.

ப்ரோகிராமில் வரிசை முக்கியம்: ஆனோடை அணை, கேத்தோடை அணை, 200 மைக்ரோ செகண்ட் பொறு, புது கேத்தோடு, பிறகு புது ஆனோடு. குழாய்க்கு மொத்தம் 2.5 மில்லி செகண்ட் கொடுத்தால் நொடிக்கு 100 சுற்று. கண்ணுக்குச் சிமிட்டல் தெரியாது.

பக்கத்துக் குழாயின் எண் மங்கலாக நிழலாடுகிறதா? முந்தைய ஆனோடில் மின்னழுத்தம் இன்னும் வடியவில்லை. பொறுக்கும் நேரத்தை 300, 400 என்று கூட்டுங்கள். எண்ணின் ஒரு பகுதி மட்டும் எரிந்தால் கரன்ட் போதவில்லை, 6.8 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். பழைய குழாயில் அதிகம் பயன்படாத எண் மட்டும் அப்படி என்றால் கேத்தோடில் படிவு இருக்கலாம். தினமும் சில நிமிடம் பத்து எண்களையும் சுழலவிடுங்கள்.