கிராபிக்ஸ் கார்டு வாங்காமலேயே கேம் ஓடிய கதை

படிக்கிற பையன் கையில் இருக்கும் காசுக்குப் புது கிராபிக்ஸ் கார்டெல்லாம் நடக்காது, சரி, கேம் திக்கித் திக்கி ஓடுகிறதே, முதலில் எது இழுக்கிறது என்று பார்த்தேன். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப், பாதிகூட வேலை செய்யவில்லை, ரேம்தான் நிரம்பி வழிந்தது. இருந்தது ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம், அதாவது சிங்கிள் சேனல், தரவு ஒரே பாதையில்தான் போய்வரும். அதே வேகத்தில் இன்னொரு பழைய 8 ஜிபி வாங்கி, மதர்போர்டு கையேடு சொன்ன ஸ்லாட்டில் மாட்டி, பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பை, ஆன் செய்தேன். அதை விட்டுவிட்டால் வேகம் 3200 என்று போட்டிருக்கும் ரேம் பெரும்பாலும் 2133 அல்லது 2400இல்தான் ஓடும், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. திக்கித் திக்கி நின்றது போயே போய்விட்டது.

அப்புறம் விண்டோஸை ஹார்டு டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். லோடிங் சீக்கிரம் முடியும். ஆனால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை காட்சிகள்) ஏறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பழையதாக எதையும் வாங்குவேன், பவர் சப்ளையைத் தவிர.