மின்ஸ்ட்ரல் பாட்டா, ஸ்பிரிச்சுவலா? பழைய இசைத்தாளை வைத்துக் கண்டறியும் முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க இசைத்தாள்களில் 'பெருந்தோட்டப் பாடல்' என்ற முத்திரை இரண்டு வகைப் பாடல்களுக்கும் குத்தப்பட்டிருக்கும். ஒன்று, கருக்கிய தக்கையை முகத்தில் பூசியவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், கறுப்பின மக்களைக் கேலி செய்து பாடிய மின்ஸ்ட்ரல் மேடைப் பாட்டு. மற்றது, அடிமைப்பட்ட மக்கள் தங்கள் வழிபாட்டுக்காகத் தாங்களே உருவாக்கிய ஸ்பிரிச்சுவல். இரண்டையும் குழப்பினால், கேலி செய்தவனின் குரல் கேலிக்கு ஆளானவரின் குரலாகப் பதிவாகிவிடும். அதனால் அட்டையில் இருப்பதை நம்பி முடிவு கட்டாதீர்கள்.

முதல் வேலை, இசைக்குறிப்பு தொடங்கும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்புரிமை வரியைப் படிப்பது. 1870 வரை இந்தப் பதிவு அந்தந்த வட்டார நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் நடந்தது. அதன்பின் காங்கிரஸ் நூலகத்துக்கு மாறியது. அந்த வரியில் இருப்பது பதிவான ஆண்டுதான். கையில் இருக்கும் தாள் எப்போது அச்சானது என்பதை அது சொல்லாது. மறுபதிப்புகளிலும் அதே ஆண்டு நிற்கும். அச்சான காலத்துக்குப் பதிப்பாளர் பெயரைப் பாருங்கள். நியூயார்க்கின் ஃபிர்த், பாண்ட் நிறுவனம் 1863இல் பிரிந்தது. 1851 என்ற ஆண்டோடு வில்லியம் ஏ. பாண்ட் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்தப் பிரதி பிரிவினைக்குப் பிந்தியது.

அடுத்தது ஆசிரியர் பெயர். பலர் சறுக்கும் இடம் இது. 1851இல் வெளியான 'ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்' பாட்டின் அட்டையில் ஆசிரியராக இருப்பது மின்ஸ்ட்ரல் குழுத்தலைவர் ஈ. பி. கிறிஸ்டி, எழுதியவர் ஸ்டீஃபன் ஃபாஸ்டர். 1861இல் அச்சான 'கோ டவுன், மோசஸ்' தாளில் தாமஸ் பேக்கரின் பெயர் உண்டு. அவர் அச்சுக்கு ஏற்ப இசையமைப்பை ஒழுங்கு செய்தவர் மட்டுமே. பாட்டு, வர்ஜீனியாவின் மன்ரோ கோட்டையில் தஞ்சமடைந்த முன்னாள் அடிமைகளிடம் கேட்டு எழுதப்பட்டது. ஆசிரியர் கறுப்பினத்தவர் என்பதாலும் பாட்டு ஸ்பிரிச்சுவல் ஆகிவிடாது. ஜேம்ஸ் பிளாண்ட் கறுப்பினத்தவர். அவருடைய 'ஓ, டெம் கோல்டன் ஸ்லிப்பர்ஸ்' 1879இல் வந்த மின்ஸ்ட்ரல் பாட்டு. கறுப்பின மாணவர்கள் பயின்ற ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் பாடகர்கள் பாடிவந்த பொற்பாதுகை ஸ்பிரிச்சுவலைத் தழுவி மேடைக்காக எழுதப்பட்டது அது.

பிறகு பாட்டை இரண்டு தொகுப்புகளில் தேடுங்கள். 1867இல் ஆலன், வேர், லூசி மெக்கிம் கேரிசன் மூவரும் வெளியிட்ட அடிமைப் பாடல் தொகுப்பில் 136 பாடல்கள் உள்ளன; கணிசமானவை தென் கரோலினாவின் கடலோரத் தீவுகளில் கேட்டு எழுதியவை. மற்றது, ஃபிஸ்க் குழுவின் பாடல்களை தியோடர் சீவர்ட் இசைக்குறிப்பில் எழுதிய 1872ஆம் ஆண்டுத் தொகுப்பு. அந்தக் குழு 1871 அக்டோபரில் நாஷ்வில்லிலிருந்து கச்சேரிப் பயணம் புறப்பட்டது. ஆகவே இரண்டாவது தொகுப்பில் இருப்பது மேடைக்கென மெருகேறிய வடிவம். ஒப்பிடும்போது மெட்டிலிருந்து தொடங்காதீர்கள். தொண்டையின் நெளிவுகளைக் குறிப்பில் கொண்டுவர முடியவில்லை என்று முதல் தொகுப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் வரிகள், விவிலியப் பெயர்கள், திரும்பத் திரும்ப வரும் அடி ஆகியவற்றை முதலில் வைத்துப் பாருங்கள்.

மூன்று தடயங்கள் ஏமாற்றும். கொச்சை எழுத்துக்கூட்டல் இரு வகையிலும் உண்டு. ஐந்து சுர மெட்டும் அப்படித்தான். நம் மோகனத்தின் அந்த ஐந்து சுரங்கள் ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களிலும் ஃபாஸ்டரின் பாடல்களிலும் கிடைக்கும். பேஞ்சோ என்ற நரம்புக் கருவியும் சான்று ஆகாது. ஆப்பிரிக்க வழிவந்த அந்தக் கருவியை, ஃபிடில், தம்பூரின், எலும்புத் தாளத்தோடு சேர்த்து 1843இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் குழு மேடையேற்றிவிட்டது.

முடிவை எழுதும்போது முதல் அச்சு ஆண்டு, எழுதியவர், இசையை ஒழுங்கு செய்தவர், யாரிடம் எங்கே கேட்டது என்ற நான்கையும் தனித்தனியாகக் குறியுங்கள். தெரியாத இடத்தைக் காலியாகவே விடுங்கள். அட்டையில் இருக்கும் பெயரை அங்கே எடுத்துப் போடாதீர்கள்.