வண்டல் சேற்றில் பாதரசம்: எந்த முறை எடுபடும் என்று ஆய்வகத்தில் கண்டறிவது

மொத்தப் பாதரசம் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு சுத்திகரிப்பு முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. பாதரசம் சல்ஃபைடாக இறுகியிருந்தால் அமிலத்தில் கழுவினாலும் அசையாது. மட்கிய கரிமப்பொருளோடு ஒட்டியிருந்தால் காரத்தில் கரைந்து வரும். துளித்துளியாக உலோகமாகவே கிடந்தால் மூடியைத் திறந்து வைத்தாலே ஆவியாகிப் போகும். ஆகவே முதலில் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில் செய்யும் பிழையைப் பின்னால் திருத்த வழியில்லை. குழாய் மாதிரியாக எடுத்து, மேல் 10 செ.மீ.யை 2 செ.மீ. துண்டுகளாகவும் அதற்குக் கீழே 5 செ.மீ. துண்டுகளாகவும் வெட்டுங்கள். பாதரசத்தை மெத்தில் பாதரசமாக (உயிர்களின் உடலில் சேரும் நச்சு வடிவம்) மாற்றும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் தீரும் எல்லையில்தான் மும்முரமாக இருக்கும். பல இடங்களில் அது மேல் சில சென்டிமீட்டருக்குள்ளேயே வந்துவிடும். எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்பதையும் இந்த அடுக்குக் கணக்குதான் சொல்லும். டெஃப்லான் உள்மூடி உள்ள கண்ணாடிக் குப்பியில் காற்றிடம் விடாமல் நிரப்பி, பனிக்கட்டியில் கொண்டுவாருங்கள். பாலித்தீன் பையில் வாரக்கணக்கில் வைக்கக் கூடாது, பாதரச ஆவி அதை ஊடுருவும். மெத்தில் பாதரசம் அளப்பதற்கான பகுதியை அன்றே உறைய வையுங்கள். உறையும்போது விரியும் என்பதால் அந்தக் குப்பியில் மட்டும் சிறிது இடம் விட வேண்டும்.

ஈரப்பதத்துக்குத் தனியாக 10 கிராம் எடுத்து 105 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். அந்தச் சூட்டில் பாதரசத்தின் ஒரு பங்கு போய்விடும் என்பதால், உலர்ந்த அந்தச் சேற்றில் பாதரசம் அளக்கக் கூடாது. அளவீட்டுக்கு ஈரச் சேற்றையோ உறைநிலையில் உலர்த்தியதையோ பயன்படுத்துங்கள்.

அடுத்தது 63 மைக்ரான் சல்லடையில், அதே இடத்து நீரை ஊற்றி, ஈரமாகவே சலிப்பது. பாதரசம் பெரும்பாலும் நுண்துகள்களோடு போய்விடும். மேலே தங்கிய மணல் தேவையான வரம்புக்குள் வந்துவிட்டால் சுத்திகரிக்க வேண்டிய அளவு அங்கேயே குறைந்துவிடுகிறது. மணலே இல்லாத களிச்சேற்றில் இந்தப் படியால் பயனில்லை.

வடிவத்தைப் பிரித்தறிய, 2003இல் நிக்கோலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஐந்து படி முறை பரவலாக வழக்கில் உள்ளது. 0.4 கிராம் சேற்றுக்கு 40 மி.லி. கரைசல், ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 18 மணி நேரக் குலுக்கல். வரிசை: தூய நீர், பிஎச் 2இல் ஹைட்ரோகுளோரிக்–அசெட்டிக் அமிலக் கலவை, 1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 12 நார்மல் நைட்ரிக் அமிலம், கடைசியில் இராஜ திராவகம் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்களின் கலவை). மூன்றாவதில் வருவது கரிமப்பொருளோடு பிணைந்தது. நான்காவதில் வருவதில் உலோகப் பாதரசமும் சேரும். ஐந்தாவது சல்ஃபைடு. கறுப்புச் சேற்றில் அமிலம் படும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். புகைபோக்கிப் பெட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பாதீர்கள், மூக்குதான் மரத்துப்போயிருக்கும்.

அடுத்தது, ஒரு கரைசல் சேற்றிலிருந்து எவ்வளவு பாதரசத்தை வெளியே இழுக்கிறது என்று பார்க்கும் கழுவல் சோதனை. இதற்கு உலர் எடையில் 10 கிராம், மொத்தத் திரவம் 100 மி.லி. வழக்கமாக இடறுவது இங்கேதான். ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் 10 கிராம் உலர் எடைக்கு 25 கிராம் ஈரச் சேறு வேண்டும். அதில் 15 மி.லி. நீர் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே 85 மி.லி. கரைசல்தான் சேர்க்க முடியும். முடிவில் 0.1 மோலார் வேண்டுமானால் சேர்ப்பது 0.118 மோலாராக இருக்க வேண்டும்.

சோடியம் தயோசல்பேட் கரிமப்பிணைப்பில் உள்ளதை ஓரளவு இழுக்கும், சல்ஃபைடை அநேகமாகத் தொடாது. அயோடின்–பொட்டாசியம் அயோடைடு கலவை வலுவானது: அயோடின் உலோகத்தையும் சல்ஃபைடையும் ஆக்சிஜனேற்றும், அயோடைடு வெளிவந்த பாதரசத்தைப் பிடித்துக் கரைசலில் வைக்கும். ஆனால் கரிமப்பொருளும் அயோடினைத் தின்னும். பழுப்பு நிறம் வெளுத்தால் அயோடின் தீர்ந்தது என்று பொருள். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் குலுக்கினாலும் வீண். 1, 4, 24 மணியில் மாதிரி எடுத்து, மையவிலக்கிச் சுற்றி, 0.45 மைக்ரானில் வடிகட்டுங்கள். எச்சத்தைப் புதுக் கரைசலில் இருமுறை அலசாவிட்டால், துகள்களுக்கிடையே தங்கிய திரவத்தின் பாதரசமும் எச்சத்தின் கணக்கில் ஏறிவிடும்.

குளிர் ஆவி முறையில் (பாதரசத்தை உலோகமாக ஒடுக்கி அதன் ஆவியை அளப்பது) அளக்கும்போது இரண்டு கண்ணிகள். அயோடைடு பாதரசத்தை இறுகப் பிடித்திருப்பதால் ஸ்டானஸ் குளோரைடால் அதை முழுதாக ஒடுக்க முடியாது. எண் குறைந்து காட்டும். தயோசல்பேட்டோ அமிலத்தில் சிதைந்து கந்தகமாகப் படியும், பாதரசமும் அதோடு சல்ஃபைடாக இறங்கும். எரித்து அளக்கும் கருவி இருந்தால் எச்சத்துக்காவது அதைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சான்றளிக்கப்பட்ட வண்டல் மாதிரி ஒன்றையும், தெரிந்த அளவு பாதரசம் சேர்த்த கழுவல் கரைசல் ஒன்றையும் ஓட்டுங்கள்.

பிறகு கூட்டிப் பாருங்கள். எச்சம், திரவம், அலசிய நீர், குப்பிச் சுவரை அமிலத்தில் கழுவியது, ஆவியைப் பிடிக்க வைத்த அமிலப் பெர்மாங்கனேட் பொறி, இவற்றின் கூட்டுத்தொகை தொடக்க அளவில் 80 முதல் 120 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். வராவிட்டால் 'நீக்கம் 70 விழுக்காடு' என்று எழுதாதீர்கள். அதில் ஒரு பங்கு காற்றில் போயிருக்கலாம்.

இதே காரணத்துக்காகப் பிறர் கட்டுரைகளின் விழுக்காடுகளையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். சுத்தமான சேற்றில் பாதரச உப்பைக் கலந்து சில நாளில் கழுவினால் எளிதில் வந்துவிடும்; பல ஆண்டுகள் ஊறியது அப்படி வராது. மேற்கோள் காட்டும்போது சேறு எத்தகையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரையில் பார்த்த எண்ணுக்கு மூலக் கட்டுரையைப் படிக்காமல் மூலத்தின் பெயரைப் போடக் கூடாது. ஐந்து படியில் ஒன்றை மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கழுவல் எடுபடாத சல்ஃபைடுச் சேற்றுக்கு வெப்பம்தான் வழி. முன்பே நீரை வடித்து ஈரத்தைக் குறைக்காவிட்டால் எரிபொருள் நீரைக் கொதிக்க வைப்பதிலேயே தீரும். கசிவில்லாத குழாய் உலையில் 150 டிகிரியிலிருந்து 100 டிகிரி படிகளாக 650 வரை ஏற்றி, ஒவ்வொன்றிலும் 30 நிமிடம் நிறுத்தி எச்சத்தை அளந்தால் எந்த வெப்பம் போதும் என்று தெரியும். வெளிவரும் வாயு குளிர்விப்பானுக்குப் பின் கந்தகம் ஏற்றிய கரியைக் கடக்க வேண்டும். குளிர்விப்பான் மட்டும் போதாது. கடல் சேறானால் உப்பின் குளோரின் பாதரசக் குளோரைடாக வாயுவில் போகக்கூடும்.

பரப்பு பெரியதாகவும் செறிவு குறைவாகவும் இருந்தால் பாதரசத்தை அகற்றாமலே கரியால் கட்டிவைப்பதையும் சோதியுங்கள். மேல் 10 செ.மீ. சேற்றின் உலர் எடையில் 2 முதல் 5 விழுக்காடு கிளர்வூட்டிய கரி (நுண்துளைகள் நிறைந்த கரி) சேர்க்க வேண்டும். உலர் அடர்த்தி கனமீட்டருக்கு அரை டன் என்றால் ஒரு சதுர மீட்டரில் 50 கிலோ சேறு; 4 விழுக்காட்டுக்கு 2 கிலோ கரி. வெற்றியைத் துளைநீரின் (சேற்றுத் துகள்களுக்கிடையே உள்ள நீர்) மெத்தில் பாதரசத்தில் பாருங்கள், மொத்தப் பாதரசத்தில் அல்ல, அது மாறாது. நீரில் கரைந்த கரிமம் மிகுந்த இடத்தில் கரியின் பிடி தளரும்.

தோண்டுவதாக முடிவானால் அளவை மனத்தில் வையுங்கள். ஆலைக் கழிவுப் பாதரசம் படிந்த ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 25 பிபிஎம் (கிலோவுக்கு 25 மில்லிகிராம்) தாண்டிய சேற்றுக்காக 1977 முதல் 1990 வரை வேலை நடந்தது. ஏறக்குறைய 15 லட்சம் கனமீட்டர் சேறு கையாளப்பட்டது, 58 ஹெக்டேர் கடல் நிலமாக்கப்பட்டது. அங்கேயும் பாதரசத்தைப் பிரித்தெடுக்கவில்லை, சேற்றோடு அடைத்துத்தான் வைத்தார்கள்.