ஆல்ஜினேட் அச்சும் டென்டல் ஸ்டோன் வார்ப்பும்: தண்ணீரைக் கவனித்துச் செய்யும் முறை

கழற்றி மாட்டும் பல் செட் செய்வதானாலும், கோணல் பற்களை நேராக்கும் சிகிச்சையைத் திட்டமிடுவதானாலும், பெரும்பாலும் முதல் வேலை ஒன்றுதான்: வாயின் வடிவத்தை, தண்ணீரில் கலந்தால் கூழாக இறுகும் தூளான ஆல்ஜினேட்டில் அச்செடுத்து, தண்ணீரில் குழைத்தால் கல்லாக இறுகும் தூளான டென்டல் ஸ்டோனை அந்த அச்சில் ஊற்றி வார்ப்பு எடுப்பது. நோயாளிகள் இதைப் 'பல்லுக்கு அளவெடுப்பது' என்பார்கள். புதிதாகக் கற்பவர்கள் கை நடுக்கத்தைப் பற்றியும் நோயாளிக்குக் குமட்டுமே என்பதைப் பற்றியும் கவலைப்படுகிறார்கள். ஆனால் கெட்டுப்போன அச்சுகளையும் வார்ப்புகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றுள் பலவற்றைக் கெடுத்தது தண்ணீர்தான் என்பது தெரியும். அளவு தவறிய தண்ணீர், சூடான தண்ணீர், அச்சிலிருந்து வெளியேறிய தண்ணீர், அச்சுக்குள் புகுந்த தண்ணீர் என்று அதற்குப் பல வடிவங்கள் உண்டு. ஆகவே இந்த விளக்கம் ஒவ்வொரு படியிலும் தண்ணீரையே பின்தொடர்கிறது.

தூளுக்குள் நடப்பது

ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. மண்டபம், ராமேசுவரம் கரைகளில் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கும் சர்காசம், டர்பினேரியா ஆகிய பாசிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. முன்பு அச்செடுக்கப் பயன்பட்ட அகர், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிலிருந்து வருவது தடைப்பட்டதால், அதற்கு மாற்றாக ஆல்ஜினேட் பல் மருத்துவத்தில் பரவியது.

தூளில் சோடியம் அல்லது பொட்டாசியம் ஆல்ஜினேட்டும், கால்சியம் சல்பேட்டும், சிறிதளவு டிரைசோடியம் பாஸ்பேட்டும், பெருமளவில் டயட்டம் மண்ணும் (நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளாலான நிரப்புத் தூள்) இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் கால்சியம் கரைந்து வெளிவருகிறது. ஆனால் அது முதலில் ஆல்ஜினேட்டிடம் போவதில்லை, பாஸ்பேட்டுடன்தான் சேருகிறது. பாஸ்பேட் தீர்ந்த பிறகே கால்சியம் ஆல்ஜினேட் இழைகளைப் பிணைத்து, மீண்டும் கரைக்க முடியாத கூழாக மாற்றுகிறது. கலக்கவும், ட்ரேயில் (தாடை வடிவிலான அச்சுத் தட்டில்) நிரப்பவும், வாயில் வைக்கவும் நமக்குக் கிடைக்கும் நேரம் முழுவதும் அந்தப் பாஸ்பேட் தரும் அவகாசமே. அது தீர்ந்த பின்னும் ட்ரேயை அசைத்துச் சரிசெய்ய முயன்றால், உருவாகிக்கொண்டிருக்கும் இழைகள் அறுந்து அச்சு உருக்குலையும்.

முதற்படி: அளந்து கலக்குதல்

ட்ரேயைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்கும் பற்களுக்கும் இடையே ஆல்ஜினேட்டுக்குக் குறைந்தது 3 மி.மீ. இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மெலிந்த இடத்தில் அச்சு கிழியும்.

டப்பாவை மூடியபடியே கவிழ்த்துக் குலுக்குங்கள். பிறகு தூசி அடங்கும்வரை சற்றுப் பொறுத்துத் திறங்கள், ஏனென்றால் அந்தத் தூசியில் சிலிக்கா உண்டு, அதைச் சுவாசிப்பது நல்லதன்று. தயாரிப்பாளர் தரும் கரண்டியாலும் குவளையாலும் மட்டுமே அளக்க வேண்டும். பொதுவாக மேல்தாடைக்கு மூன்று கரண்டியும் கீழ்த்தாடைக்கு இரண்டு கரண்டியும் தேவைப்படும். ரப்பர் கிண்ணத்தில் முதலில் தண்ணீர், பிறகு தூள் என்பதே முறை.

தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இறுகும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம் குறைந்துவிடும். மொத்தமே மூன்று, நான்கு நிமிடங்களில் இறுகும் பொருளுக்கு அது பெரிய இழப்பு. மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைக் கொண்டு கலக்கினால், ட்ரே வாய்க்குப் போகும் முன்பே இறுகத் தொடங்கிவிடும். எனவே குளிர்சாதனப் பெட்டியில் ஒரு குப்பி தண்ணீரை எப்போதும் வைத்திருங்கள். நேரத்தை நீட்டிக்கக் கூடுதலாகத் தண்ணீர் விடும் பழக்கம் மட்டும் வேண்டாம். அது அச்சின் வலிமையைக் குறைக்கும்.

தூள் நனைந்ததும், ஸ்பேட்சுலாவால் (தட்டையான கலக்கும் கரண்டியால்) கலவையைக் கிண்ணத்தின் சுவரில் அழுத்தித் தேய்த்து 45 முதல் 60 விநாடிகள் வேகமாகக் கலக்குங்கள். கட்டியும் மணலும் இல்லாமல், பளபளப்பான தயிர் போல ஆக வேண்டும்.

இரண்டாம் படி: வாயில் வைத்தலும் எடுத்தலும்

நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கால் மூச்சுவிடச் சொல்லுங்கள். பற்களின் கடிக்கும் பரப்பில் சிறிது ஆல்ஜினேட்டை விரலால் தடவிவிட்டால் அங்கே காற்றுக்குமிழ் தங்காது. அச்சில் தங்கும் ஒவ்வொரு குமிழும் வார்ப்பில் ஒரு கல் முத்தாக வந்து நிற்கும். மேல்தாடையில் ட்ரேயின் பின்பகுதியை முதலில் அழுத்துங்கள். மிகுதி தொண்டைக்குப் போகாமல் முன்பக்கம் வழியும்.

விரலில் ஒட்டாத நிலை வந்த பிறகும் இரண்டு நிமிடமாவது பொறுக்க வேண்டும், அந்த நேரத்தில்தான் கிழியாமல் தாங்கும் வலிமை ஏறுகிறது. எடுக்கும்போது அசைத்து அசைத்து எடுக்காமல், பற்களின் நெட்டுவாக்கில் சட்டென்று ஒரே இழுப்பில் எடுத்துவிடுங்கள். ஆல்ஜினேட் சட்டென்று இழுபட்டால் பழைய வடிவத்துக்கு நன்றாக மீளும். மெதுவாக நெடுநேரம் இழுபட்டால் முழுமையாக மீளாது.

மூன்றாம் படி: காத்திருக்காமல் ஊற்றுதல்

உமிழ்நீரும் இரத்தமும் போகும்படி ஓடும் நீரில் கழுவி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைத் தெளித்து, மூடிய பையில் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு மீண்டும் கழுவித் தண்ணீரை உதறுங்கள். காற்றில் கிடந்தால் அச்சு நீரை இழந்து சுருங்கும்; தண்ணீரில் கிடந்தால் நீரை உறிஞ்சி ஊதும். ஈரத்துணியில் சுற்றி வைத்தாலும் சுருங்குவதை முற்றிலும் தடுக்க முடியாது. ஆகவே கிருமிநீக்கம் முடிந்ததும் ஊற்றிவிடுவதே சரி.

டென்டல் ஸ்டோன், சாதாரணப் பிளாஸ்டர் ஆகிய இரண்டும் ஒரே கால்சியம் சல்பேட்டின் அரைநீரேறிய வடிவம்தான். ஜிப்சத்தைத் திறந்த கலத்தில் சூடாக்கினால் துளைகள் நிறைந்த ஒழுங்கற்ற துகள்களாகப் பிளாஸ்டர் கிடைக்கிறது. நீராவி அழுத்தத்தில் சூடாக்கினால் அடர்ந்த, சீரான துகள்களாக ஸ்டோன் கிடைக்கிறது. இதனால் 100 கிராம் பிளாஸ்டருக்கு 45 முதல் 50 மி.லி. தண்ணீர் தேவைப்பட, ஸ்டோனுக்கு 28 முதல் 30 மி.லி. போதும். வேதிவினைக்குத் தேவைப்படுவதோ 18.6 மி.லி. மட்டுமே. மீதி நீர் உலர்ந்து போகும்போது விட்டுச்செல்லும் துளைகளே வார்ப்பைப் பலவீனப்படுத்துகின்றன. தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தண்ணீரில் தூளைத் தூவி, அது நனையும்வரை விட்டு, ஒரு நிமிடம் கலக்குங்கள். வைப்ரேட்டரின் (அதிரும் கருவியின்) மேல் ட்ரேயைப் பிடித்து, அச்சின் ஒரு கோடியில் சிறிது சிறிதாக வைத்தால், ஸ்டோன் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தானே ஓடும். முன்னே காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். இரு பக்கங்களிலிருந்தும் ஊற்றினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். இறுகும் முன்பே அச்சைக் கவிழ்த்து அடிப்பாகம் வைப்பதும் தவறு, ஏனெனில் கலவையின் நீர் மேலெழுந்து பற்களின் பக்கம் சேர்ந்து அங்கே வார்ப்பை மென்மையாக்கிவிடும்.

நான்காம் படி: பிரித்தெடுத்தல்

ஸ்டோன் இறுகும்போது சூடாகும். சூடு தணிந்து, ஊற்றியதிலிருந்து 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆனதும் பிரித்துவிடுங்கள். இரவு முழுவதும் விட்டால் உலரும் ஆல்ஜினேட் வார்ப்பின் மேற்பரப்பைச் சுண்ணாம்பு போலப் பொடிய வைக்கும், மெலிந்த முன்பற்களும் பிரிக்கும்போது உடையும். பிரித்த உடனே வார்ப்பு உறுதியாகத் தோன்றினாலும் அதன் முழு வலிமை வந்திருக்காது. நன்கு உலர்ந்த வார்ப்பின் வலிமை ஈர வார்ப்பைப் போல இரண்டு மடங்கு.

ட்ரிம்மரில் (வார்ப்பின் ஓரங்களைத் தேய்த்துச் சீராக்கும் இயந்திரத்தில்) தேய்ப்பதற்கு முன் வார்ப்பை நனைக்க நேரும்போது, குழாய்த் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். ஜிப்சம் சிறிதளவு கரையக்கூடியது, பற்களின் நுண்ணிய விளிம்புகள் மழுங்கிவிடும். உடைந்த பழைய வார்ப்புத் துண்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் போட்டுவைத்தால், தண்ணீர் ஜிப்சத்தால் நிறைவுற்று மேலும் கரைக்க இயலாததாகிவிடும். வார்ப்பை நனைக்க அந்தத் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.