குஷாணக் காசைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் மத்திய ஆசியாவின் ஆமூ தரியா ஆற்றங்கரையிலிருந்து கங்கைச் சமவெளி வரை ஆண்ட குஷாணர்கள் தங்கள் வரலாற்றை எழுதிவைத்துப் போகவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது சீன ஆண்டேடுகளில் சில வரிகள், கொஞ்சம் கல்வெட்டு, சிற்பங்கள், அப்புறம் ஏராளமான காசு. அதனால்தான் அந்தக் காசு சொல்லாததையும் சொன்னதாக எழுதிவிடுகிறோம்.

அடிக்கடி நடக்கும் தவறு, ராஜா என்ன மதம் என்று ஒரு காசை வைத்து முடிவு கட்டுவது. குஷாணப் பேரரசர் கனிஷ்கரின் தங்கக் காசு ஒன்றைப் பாருங்கள். முன்பக்கத்தில் தாடி வைத்த அரசர். நீளக் கோட்டு, கனத்த பூட்ஸ், வலது கை ஒரு சின்னப் பலிபீடத்தின் மேல். திருப்பினால் புத்தர் நிற்கிறார். பக்கத்தில் கிரேக்க எழுத்தில் ‘பொத்தோ’. பௌத்த நூல்களோ கனிஷ்கரை இன்னோர் அசோகராகக் கொண்டாடுகின்றன. சரி, பௌத்த அரசர் என்று எழுதிவிடலாமா? அவருடைய மற்றக் காசுகளையும் மேசையில் பரப்ப வேண்டும். நானா என்ற தேவி, கதிரவன், நிலவு, காற்று, தீ, சிவனை ஒத்த ஓஎஷோ என்று வரிசையாக வருகிறார்கள். புத்தர் காசு அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே எல்லாப் புத்தகத்திலும் அதன் படம் வருகிறது. படிப்பவர் அதுதான் வழக்கமான காசு என்று நினைத்துக்கொள்கிறார்.

1993இல் ஆப்கானிஸ்தானில் ரபாதக் என்ற இடத்தில் ஒரு கல்வெட்டு வெளிப்பட்டது. அந்தப் பகுதியில் பேசப்பட்ட பாக்திரிய மொழி, கிரேக்க எழுத்து. நானாவிடமிருந்தும் எல்லாத் தெய்வங்களிடமிருந்தும் அரசுரிமை பெற்றதாகக் கனிஷ்கர் அதில் சொல்லிக்கொள்கிறார். புத்தரைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதே கல் இன்னொரு தவறையும் காட்டிக்கொடுத்தது. சீன ஏட்டில் முதல் குஷாண அரசர் குஜூலாவுக்குப் பின் அவர் மகன் ஆண்டதாக இருந்தது. வீமா கட்பிசஸ்தான் அந்த மகன் என்று ஆய்வாளர்கள் முடிச்சுப் போட்டிருந்தார்கள். கனிஷ்கரோ கொள்ளுத்தாத்தா குஜூலா, தாத்தா வீமா தக்து, அப்பா வீமா கட்பிசஸ் என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். நடுவில் ஒரு தலைமுறையே விட்டுப்போயிருக்கிறது! பெயரில்லாமல் ‘பெரும் காவலர்’ என்ற பட்டத்தை மட்டும் தாங்கிய காசுகள் குவியலாகக் கிடைத்து, யாருடையவை என்று தெரியாமல் கிடந்தன. அவை வீமா தக்துவுடையவை என்பதே இப்போது பலரின் கருத்து. ஆண்டுக் கணக்கும் இப்படித்தான் நகர்ந்தது. கனிஷ்கரின் முதல் ஆண்டு கி.பி. 78 என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பது 127.

காசு கிடைத்த இடமெல்லாம் ராஜ்யம் என்று வரைபடத்தில் வண்ணம் பூசுவதும் வேண்டாம். எத்தியோப்பியாவில் தெப்ரே தாமோ மடாலயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குஷாணத் தங்கக் காசுகள் கிடைத்தன. குஷாணப் படை அங்கே போகவில்லை, கப்பல் சரக்கோடு தங்கம் போயிருக்கும். கோவை, கரூர் பக்கம் ரோமானியக் காசு கிடைக்கிறது என்பதற்காகக் கொங்கு நாட்டை அகஸ்டஸ் ஆண்டார் என்றா சொல்கிறோம்?

விலை உயர்ந்த பொருளைக் கண்டதும் அரண்மனை என்று பெயர் வைப்பதில் எனக்குத் தனிக் கோபம் உண்டு. காபூலுக்கு வடக்கே, குஷாணர் காலத்துப் பழைய நகரமான பெக்ராமில் 1937இலும் 1939இலும் பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் அடைபட்டிருந்த இரண்டு அறைகளைத் திறந்தார்கள். உள்ளே இந்தியத் தந்தச் செதுக்கல்கள், ரோமானிய உலகத்துக் கண்ணாடிக் கிண்ணங்கள், சீன அரக்குப் பாத்திரங்கள், பிளாஸ்டரில் வார்த்த உருவ வட்டுகள். உடனே அரச கருவூலம் என்று பெயர் வைத்தாயிற்று. வியாபாரிகளின் கிடங்காக இருக்கலாம் என்ற கருத்து பின்னால்தான் வந்தது. அந்த பிளாஸ்டர் வட்டுகளைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. அவை கைவினைஞர்கள் பார்த்துச் செய்வதற்கான மாதிரிகள். கருவூலத்தில் அவற்றுக்கு என்ன வேலை?