பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் ஃபேமிலி எஸ்யூவி வாங்காதீர்கள்

எங்கள் முதல் ஏழு சீட்டர் வண்டிக்கு டெஸ்ட் டிரைவ் போனபோது நான் ஓட்டினேன், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், விற்பனையாளர் நடுவரிசையில். மூன்றாம் வரிசை மடித்தபடியே கிடந்தது. அதை விரிக்கச் சொல்ல எங்களுக்குத் தோன்றவே இல்லை. வண்டி வீட்டுக்கு வந்து, நடுவரிசையின் இரு ஓரத்திலும் சின்னவர்கள் இருவரின் குழந்தை சீட்டுகளை மாட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. குழந்தை சீட் மாட்டியிருந்தால் நடுவரிசை முன்னால் மடங்காது. மடங்கினால்தான் பின்னால் போக வழி. பெரியவன் அன்று டிக்கி வழியாக ஏறினான். அடுத்த நான்கு வருடமும் அப்படித்தான் ஏறினான்.

இந்த வகை வண்டி வாங்குவதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் தொடங்குகின்றன: ஓட்டுபவரின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு முடிவெடுப்பது. ஓட்டுபவருக்கு எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். குடும்பம் இருப்பது பின்னால். வண்டியின் குறைகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

நான் சொல்வது டொயோட்டா ஹைலேண்டர், ஹோண்டா பைலட், ஸ்கோடா கோடியாக், ஹூண்டாய் சான்டா ஃபே மாதிரியான வண்டிகளை. நீளம் ஏறக்குறைய 4.7 முதல் 5.1 மீட்டர். பார்க்க ஜீப் போல உயரமாக இருந்தாலும் உடம்பு காருடையது. லாரிக்குப் போல தனிச் சட்டம் போட்டு அதன்மேல் உடலை வைத்துக் கட்டுவதில்லை, சட்டமும் உடலும் ஒன்றாகவே வார்த்த மாதிரி இருக்கும். அதனால்தான் ஓட்ட மென்மையாக இருக்கிறது. கரடுமுரடான பாதையில் தினமும் போகிறவர்களுக்கும், கனமான டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் இது சரியான வண்டி இல்லை. அப்படியொரு தேவை இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொண்டு வேறு வகை பாருங்கள்.

ஏழு சீட் என்றால் ஏழு பேர் அல்ல

விளம்பரத் தாளில் ‘7 சீட்’ என்று போட்டிருக்கும். அது பெல்ட்டின் எண்ணிக்கை, இடத்தின் அளவு அல்ல. மூன்றாம் வரிசையில் தரை உயர்ந்திருக்கும், சீட் தாழ்ந்திருக்கும். வளர்ந்த ஆள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். பத்து நிமிடம் தாங்கலாம், மூன்று மணி நேரப் பயணத்துக்கு ஆகாது.

ஆகவே ஷோரூமுக்குப் போகும்போது குழந்தை சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, பணம் கொடுப்பது நீங்கள். அதை நடுவரிசையில் மாட்டுங்கள். குழந்தை சீட்டை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எந்தெந்த சீட்டில் இருக்கின்றன என்று விரல் விட்டுத் தேடிப் பாருங்கள். பல வண்டிகளில் நடுவரிசையின் இரு ஓரங்களில் மட்டும்தான் இருக்கும், மூன்றாம் வரிசையில் இருக்காது. பின்னோக்கி வைக்கும் குழந்தை சீட்டாக இருந்தால், அதை மாட்டிய பிறகு முன்னால் உட்காருபவரின் கால் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். உயரமான ஆளாக இருந்தால் முட்டி டேஷ்போர்டில் இடிக்கும். குழந்தை சீட்டைக் கழற்றாமலே பின்னால் போக முடிகிறதா என்பது கடைசிக் கேள்வி. சில வண்டிகளில் நடுவரிசை சீட் சாயாமலே முன்னால் நகரும், சிலவற்றில் நடுவே நடந்து போக இடைவெளி இருக்கும். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது சன்ரூஃபை விட நூறு மடங்கு முக்கியம்.

அப்புறம், மூன்றாம் வரிசையை விரித்து வைத்துவிட்டு டிக்கியைத் திறங்கள். அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு வரிசை பைகளுக்கான இடம். டிக்கி இத்தனை லிட்டர் என்று போடும் எண்ணை நம்பி இரண்டு வண்டிகளை ஒப்பிடாதீர்கள். ஒருவர் கண்ணாடி விளிம்பு வரை அளப்பார், இன்னொருவர் கூரை வரை அளப்பார். உங்கள் வீட்டுத் தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ உள்ளே போகிறதா, கதவு மூடுகிறதா என்று பார்த்தால் போதும்.

வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். என் அப்பா ஒரு வண்டியில் உட்கார்ந்து பார்க்க மறுத்துவிட்டார், ஏறும்போதே முகம் சுளித்தார். வாசற்படி உயரம் சரியாக இருந்தது. கதவு போதிய அகலத்துக்குத் திறக்கவில்லை, காலைத் திருப்ப முடியவில்லை. இது எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது.

எடை

இதை ஏறக்குறைய யாருமே பார்ப்பதில்லை, எனக்கு இதுதான் மிகவும் கவலை. ஒவ்வொரு வண்டிக்கும் ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று வரம்பு உண்டு. கையேட்டில் இருக்கும், பல வண்டிகளில் ஓட்டுபவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளிலும் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வரம்பு 550 கிலோ என்று வையுங்கள். 70 கிலோ வீதம் ஏழு பேர் ஏறினால் 490 கிலோ. மிஞ்சுவது 60 கிலோ. ஆளுக்கு ஒன்பது கிலோ பை கூட வராது. டிரெய்லர் மாட்டினால் கொக்கியின் மேல் அது அழுத்தும் எடையும் இதே கணக்கில்தான் சேரும். கூரை மேல் கட்டும் சாமானுக்குத் தனி வரம்பு உண்டு, பல வண்டிகளில் அது 75 முதல் 100 கிலோ, சாமானைக் கட்டும் கூரைக் கம்பிகளின் எடையையும் சேர்த்து.

அதிலும் ஒரு விசித்திரம். ஒரே மாடலில் விலை கூடிய ரகத்துக்குப் போகப் போக, கண்ணாடிக் கூரை, மின்சார சீட், பெரிய சக்கரம் என்று வண்டியின் சொந்த எடை ஏறும். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த வரம்பு மாறாமல் இருந்தால் குடும்பத்துக்கான பங்கு குறையும். எல்லா வசதியும் உள்ள ரகம்தான் குறைவாகச் சுமக்கும்.

சக்கரத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 235/65 அளவு 18 இஞ்ச் டயரின் பக்கச்சுவர் ஏறக்குறைய 153 மில்லிமீட்டர். 255/50 அளவு 20 இஞ்ச் டயருக்கு அது 128 தான். குழியில் விழும்போது அதிர்வை வாங்கும் ரப்பர் இரண்டரை சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. அதைப் பின்சீட்டில் தூங்கும் குழந்தை உணரும். மாற்று டயரின் விலையும் கூடும். என்னைக் கேட்டால் சின்னச் சக்கரம்.

ஐந்து நட்சத்திரம் எந்த வருடத்தியது?

மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் என்றதும் நிம்மதியாகிவிடுகிறோம். எந்த வருடத்துச் சோதனை என்று கேட்பதில்லை. விதிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை கடினமாகின்றன. ஐரோப்பாவில் மோதல் சோதனை நடத்தும் யூரோ என்கேப் அமைப்பு தான் கொடுத்த மதிப்பீட்டுக்கு ஆறு வருடம்தான் ஆயுள் வைத்திருக்கிறது. எட்டு வருடம் முன்பு வாங்கிய ஐந்தும் இன்றைய ஐந்தும் ஒன்றல்ல. பழைய வண்டி பார்ப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

பின்சீட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் ஐஐஎச்எஸ் அமைப்பு 2022-ல் தன் முன்மோதல் சோதனை ஒன்றை மாற்றியது. ஓட்டுபவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் ஒரு பொம்மையை உட்கார வைத்தார்கள். அதன் அளவு சிறிய உடல்வாகு கொண்ட பெண்ணுடையது, அல்லது 12 வயதுக் குழந்தையுடையது. முன்சீட்டில் இருப்பவர்களை நன்றாகக் காப்பாற்றிய வண்டிகளில் பல, இந்தச் சோதனையில் பின்தங்கின. காரணம் எளிது. மோதும் நொடியில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவியும், அப்புறம் நெஞ்சு நொறுங்காமல் கொஞ்சம் தளர்த்தும் கருவியும் முன்சீட்டுகளுக்கு வழக்கமாகிவிட்டன. பின்சீட்டில் பல வண்டிகளில் அவை இல்லை. விற்பனையாளரிடம் நேராகவே கேளுங்கள்: நடுவரிசை பெல்ட்டில் இந்த இரண்டும் இருக்கிறதா? பக்கவாட்டு ஏர்பேக் திரை மூன்றாம் வரிசை வரை வருகிறதா? மூன்றாம் வரிசையில் தலை சாய்ப்பான் நம் தலை உயரத்துக்கு வருகிறதா? பதில் தெரியாவிட்டால் கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நான்கு சக்கர இழுவை இருந்தால் வண்டி பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஈரத்திலும் பனியிலும் வண்டியைக் கிளப்ப அது உதவும். நிறுத்த உதவாது. பிரேக் பிடிக்கும்போது வேலை செய்வது டயரும் பிரேக்கும்தான்.

பழைய வண்டி என்றால்

நான்கைந்து வருடம் ஓடிய வண்டியை வாங்குவது பல குடும்பங்களுக்குப் புத்திசாலித்தனமான வழி. விலை இறக்கத்தின் பெரும்பகுதியை முதல் ஓனர் தாங்கியிருப்பார். ஆனால் ஓடோமீட்டரையும் பளபளப்பையும் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

ஒருமுறை காலையில் வண்டி பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். விற்பவர் அன்பாகத்தான் பேசினார். நான் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தேன். இளஞ்சூடு. ‘இப்பத்தான் கழுவ எடுத்துட்டுப் போனேன்’ என்றார். இருக்கலாம். ஆனால் ஆறிய இன்ஜினைக் கிளப்பும் முதல் சில நொடிகளில்தான் இன்ஜினுக்குள் இருக்கும் டைமிங் செயினின் சத்தம், நீலப் புகை, கியர்பாக்ஸ் உதறல் எல்லாம் தெரியும். மறுநாள் சொல்லாமல் காலையிலேயே போனேன். வண்டி ஆறியிருந்தது. கிளப்பியதும் நாலைந்து நொடி கடகடவென்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

விற்பவர்கள் முன்பகுதியை நன்றாகத் துடைத்து வைப்பார்கள். பின்பகுதியைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். மூன்றாம் வரிசை பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடோ கறையோ இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கலாம். ஸ்டெப்னி இருக்கும் குழியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். துரு, மண், உலோகத் தகட்டில் சுருக்கம், பெயின்ட் வித்தியாசம் இதெல்லாம் அங்கே ஒளிந்திருக்கும். பின்பக்க ஏசியைப் போட்டுக் கையை வைத்துப் பாருங்கள். ஹைபிரிட் வண்டி என்றால் இன்னொன்று: ஹைலேண்டர் ஹைபிரிட் போன்றவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்சீட்டுக்கு அடியில் உள்ள துளை வழியாகப் போகிறது. அங்கே தூசியும் நாய் முடியும் அடைத்திருந்தால் பேட்டரி சூட்டிலேயே ஓடியிருக்கும்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. நான்கு சக்கர இழுவை வண்டியில் நான்கு டயரும் ஒரே ரகமாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டு புதியது, இரண்டு மொட்டை என்றால், சுற்றளவு மாறி, இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பாகம் ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

இன்ஜினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஹைலேண்டரில் பல வருடம் வந்த 3.5 லிட்டர் வி6-க்குச் செயின். பைலட்டில் பல வருடம் வந்த 3.5 லிட்டர் வி6-க்கு பெல்ட். அதை வழக்கமாக 1,60,000 கிலோமீட்டரை ஒட்டி மாற்றுவார்கள், தண்ணீர் பம்ப்பையும் சேர்த்து. 1,50,000 ஓடிய வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால், அந்தச் செலவு உங்கள் தலையில் விழப் போகிறது என்றும் பொருள்.

வண்டியைப் பார்க்க உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஓ.பி.டி கருவியை மாட்டிப் பார்க்கும்போது பழுதுக் குறிப்பு எதுவும் இல்லை என்பதோடு நிறுத்தக் கூடாது. வண்டி தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் ‘இன்னும் முடியவில்லை’ என்று காட்டினால், பெரும்பாலும் யாரோ சமீபத்தில் குறிப்புகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் கொண்ட வி.ஐ.என் எண்ணைத் (பதிவு எண் அல்ல, தயாரிப்பாளர் வண்டிக்குக் கொடுத்த அடையாள எண்) தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, திரும்ப அழைத்த பழுதுகள் எல்லாம் சரி செய்யப்பட்டதா என்றும் பாருங்கள். டகாடா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தப் பழுது பார்க்காத பழைய வண்டிகள் இன்னமும் கை மாறுகின்றன. முன்கண்ணாடி மாற்றியிருந்தால், அதன் பின்னால் இருக்கும் கேமராவை மறுபடி அளவு சரிசெய்தார்களா என்று பில்லைக் கேளுங்கள். தானாகப் பிரேக் போடும் வசதி பல வண்டிகளில் அந்தக் கேமராவை நம்பித்தான் இருக்கிறது.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். முதல் மாதத்திலேயே இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் திரவம், ஃபில்டர்கள் மாற்ற வேண்டியிருக்கும். நான்கு சக்கர இழுவை என்றால் பின் டிஃபரென்ஷியல் ஆயிலும் உண்டு, அதைப் பல ஓனர்கள் ஒருமுறை கூட மாற்றியிருக்க மாட்டார்கள். நான்கு டயருக்கான பணத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். இத்தனையும் கழித்து மிஞ்சும் தொகைதான் நீங்கள் பேரம் பேச வேண்டிய விலை.