ஆர்எக்ஸ்-8இல் பொய்யாக எரியும் கூலன்ட் விளக்கு

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க் நிரம்பியிருந்தும் கூலன்ட் குறைவு விளக்கு எரிகிறதா? பெரும்பாலும் டேங்குக்குள் இருக்கும் மட்ட சென்சாரின் மிதவைதான் காரணம். நாளாக ஆக அதில் கூலன்ட் ஊறி, மிதக்காமல் அடியில் தங்கிவிடும்.

முதலில் இன்ஜின் முழுக்க ஆறட்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கூலன்ட் மட்டம் டேங்கின் F (நிறைவு), L (குறைவு) கோடுகளுக்கு நடுவில் இருந்தால் டேங்கை விரலால் லேசாகத் தட்டுங்கள். சிக்கிய மிதவை சில நேரம் மேலே வரும். வராவிட்டால் சென்சார் கனெக்டரைக் கழற்றி சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைந்தால் கோளாறு சென்சாரில். அணையாவிட்டால் வயர் எங்கோ உரசி வண்டியின் பாடியைத் தொடலாம்.

சென்சார் தனியாக வராது, டேங்கோடுதான் மாற்ற வேண்டும். கனெக்டரைக் கழற்றிப் போட்டுவிட்டே ஓட்டுபவர்கள் உண்டு, அது வேண்டாம். இந்த வண்டியின் வெப்பமானி முள் நன்றாகச் சூடேறும்வரை நடுவிலேயே நிற்கும், இதன் ரோட்டரி இன்ஜினோ (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் வகை) சூட்டைத் தாங்காது.

மட்டம் நிஜமாகவே அடிக்கடி குறைந்தால், ஸ்டார்ட் செய்ததும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருகிறதா, டேங்கில் குமிழி எழுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இன்ஜினுக்குள் கூலன்ட் கசியாமல் தடுக்கும் சீல் போயிருக்கலாம்.